வீட்டில் கட்டும் சீ.என்.சீ. இயந்திரத்துக்கு எந்தக் கணினி?

கேள்வி: காரைதீவில் தச்சுப்பட்டறை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். கதவுகள், கட்டிலின் தலைமாட்டுப் பலகைகள், கோயில் வேலைக்கான செதுக்கல்கள் ஆகியவற்றுக்காக கணினியின் கட்டளைப்படி மரத்தைக் குடைந்து வெட்டும் ஒரு சீ.என்.சீ. ரவுட்டரை நானே கட்டி வருகிறேன். மேசை 4 அடிக்கு 3 அடி. படிப்படியாகச் சுழலும் நெமா 23 ஸ்டெப்பர் மோட்டார்கள் மூன்று, சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் நகரும் போல் ஸ்குரூக்கள், அந்த மோட்டார்களை ஓட்டும் டி.பி. 6600 டிரைவர்கள், வெட்டும் அலகைச் சுழற்றும் 1.5 கிலோவாட் ஸ்பிண்டில், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வேர்ட்டர் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. கணினிதான் மிச்சம். கடைக்காரர் புதிய ஐ7 எடுக்கச் சொல்கிறார். ஒரு நண்பர் பிரிண்டர் போர்ட் உள்ள பழைய பென்டியம் 4 தான் நல்லது என்கிறார். இன்னொருவர் உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெரி பை கணினி போதும் என்கிறார். வீட்டில் 4 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி ஒன்றும் கிடக்கிறது. எதை எடுப்பது? அதே கணினியில் டிசைன் வேலையும் செய்யலாமா?

பதில்: கடைக்காரரின் யோசனையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஒரு ரவுட்டரை ஓட்டுவதற்கு ஐ7 தேவையில்லை. நண்பர்கள் இருவரும் சொல்வது பிழையல்ல. ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் இயந்திரத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். எந்தக் கணினி என்று கேட்பதற்கு முன்னர், மோட்டார்களைப் படிப்படியாக நகர்த்தும் மின்துடிப்புகளை உண்டாக்கப்போவது எது என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும். கணினியே உண்டாக்கப்போகிறதா, அல்லது கணினிக்கும் டிரைவருக்கும் இடையில் இருக்கும் ஒரு தனிப் பலகையா? இதற்கு விடை கிடைத்துவிட்டால் கணினியைத் தெரிவு செய்வதில் அதிக சிரமம் இராது.

கணக்கைப் பார்ப்போம். உங்கள் மோட்டார் ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள் எடுக்கும். டிரைவரில் ஒவ்வொரு படியையும் 8 ஆகப் பிரித்தால் சுற்றுக்கு 1,600 துடிப்புகள் வேண்டும். ஒரு சுற்றில் 5 மில்லிமீற்றர் நகர்வதால், ஒரு மில்லிமீற்றருக்கு 320 துடிப்புகள். நிமிடத்துக்கு 3,000 மில்லிமீற்றர், அதாவது செக்கனுக்கு 50 மில்லிமீற்றர் வேகத்தில் ஓர் அச்சை ஓட்டுவதற்குச் செக்கனுக்கு 16,000 துடிப்புகள் போக வேண்டும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 62.5 மைக்ரோ செக்கன் மாத்திரமே. படியை 16 ஆகப் பிரித்தால் இந்த எண்ணிக்கை 32,000 ஆகி, இடைவெளி பாதியாகிவிடும்.

சாதாரண விண்டோஸ் கணினி இந்த இடைவெளியைக் கடைப்பிடிப்பதற்காக ஆக்கப்பட்டதன்று. அது வேகமானதுதான், ஆனால் வைரஸ் காவலன் விழித்தாலும், வைஃபை தேடினாலும், திரையைப் புதுப்பித்தாலும், நடந்துகொண்டிருந்த வேலையைச் சில மில்லி செக்கன்களுக்குத் தள்ளிவைத்துவிடும். வடமோடிக் கூத்தில் மத்தளக்காரர் எவ்வளவு வேகமாக அடிக்கிறார் என்பதைவிட, தாளம் தவறாமல் அடிக்கிறாரா என்பதைத்தான் அண்ணாவியார் கவனிப்பார். இங்கும் அதே கதைதான். முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு ஒரு மில்லி செக்கன் துடிப்பு நின்றால், தவறும் தூரம் 0.05 மில்லிமீற்றர்தான். ஆபத்து அந்தத் தூரத்தில் இல்லை. நின்ற துடிப்புகள் திடீரென மீண்டும் முழு வேகத்தில் வரும்போது, மோட்டாரின் சுழலி அவற்றைப் பிடிக்க முடியாமல் 'கர்ர்' என்று உறுமிக்கொண்டு நின்றுவிடும். ஸ்டெப்பர் மோட்டார் தான் இருக்கும் இடத்தைத் திரும்பிச் சொல்லாது. எனவே மென்பொருள் எதையும் அறியாமல் மீதி வேலையைத் தொடரும், செதுக்கல் முழுவதும் ஒரு பக்கம் விலகிப்போகும். முதிரைப் பலகை ஒன்று அப்படிப் பழுதாகினால் என்ன நட்டம் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது பென்டியம் 4 நண்பரின் யோசனைக்கு வருவோம். பிரிண்டர் போர்ட் எனப்படும் பரலல் போர்ட்டின் 25 முனைகளில் 12 வெளியீடுகளும் 5 உள்ளீடுகளும் கிடைக்கின்றன. மூன்று அச்சுகளுக்கும் படி, திசை என்று ஆறு வெளியீடுகள் போக, மீதியும் கையிருப்பில் இருக்கும். வீட்டில் கட்டிய இயந்திரங்கள் பல ஆண்டுகள் இப்படித்தான் ஓடின, இன்றும் ஓடுகின்றன. ஆயினும் விண்டோஸில் இயந்திரத்தை ஓட்டும் மாக்3 என்ற மென்பொருளில் பரலல் போர்ட்டை இயக்கும் பகுதி 32 பிட் விண்டோஸில் மாத்திரமே இயங்கும் என்பதால், எக்ஸ்.பி. அல்லது 32 பிட் விண்டோஸ் 7 ஐ விட்டு உங்களால் நகர முடியாது. மலிவான பலகைகளோடு இறுவட்டில் வரும் மாக்3 பிரதிகள் பெரும்பாலும் உரிமம் இல்லாதவை என்பதையும் கவனியுங்கள். யூ.எஸ்.பி. யிலிருந்து பரலலுக்கு மாற்றும் வயரை வாங்கி ஏமாறாதீர்கள். அது பிரிண்டருக்கு எழுத்து அனுப்புமே தவிர, ஒழுங்கான இடைவெளியில் துடிப்பு அனுப்பாது.

பரலல் போர்ட்டை இன்றைக்குப் பயன்படுத்துவதாயின் லினக்ஸ் சீ.என்.சீ. யைத்தான் நான் சொல்வேன். 1990களில் அமெரிக்காவின் தேசிய தரநிலைகள் மற்றும் தொழினுட்ப நிறுவகத்தில் முளைத்த ஒரு திட்டத்திலிருந்து வளர்ந்த இலவச மென்பொருள் இது. நேரம் தவறாமல் வேலை செய்வதற்கென்றே மாற்றியமைக்கப்பட்ட லினக்ஸ் கருவோடு வருகிறது. கணினி உரிய நேரத்திலிருந்து எவ்வளவு தவறுகிறது என்பதை அளக்கும் 'லேட்டன்சி டெஸ்ட்' என்றொரு சோதனை அதில் உண்டு. மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்தே தொடக்கி, வன்தட்டில் எதையும் தொடாமல் இந்தச் சோதனையை ஓட்டலாம். ஓடும்போது சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஜன்னல்களை இழுத்து அசையுங்கள், பெரிய கோப்பொன்றைப் பிரதி எடுங்கள், வீடியோ ஒன்றைப் போடுங்கள். திரையில் வரும் சராசரி எண் உங்களுக்கு வேண்டாம். ஆகக் கூடிய எண்ணை மாத்திரம் பாருங்கள். அது 20 மைக்ரோ செக்கனுக்குள் நின்றால் அந்தக் கணினி மிக நல்லது. 30 முதல் 50 வரை போனால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து ஓட்டலாம். 100 ஐத் தாண்டினால் கணினியிலிருந்து நேரடியாகத் துடிப்பு எடுக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். கணினி தொடங்கும்போது திறக்கும் பயோஸ் அமைப்பில் மின்சேமிப்பு வசதிகளையும், செயலியின் ஒரு கருவை இரண்டாகக் காட்டும் ஹைப்பர் திரெடிங்கையும் அணைத்துவிட்டு மீண்டும் ஓட்டினால் சில கணினிகளில் எண் வெகுவாகக் குறையும்.

இந்தப் பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பழைய கணினி விற்கும் கடைக்குப் போங்கள். காசு கொடுப்பதற்கு முன்னர் அரை மணி நேரம் சோதிக்க இடம் தராத கடையில் வாங்க வேண்டியதில்லை. மொடலின் பெயரை வைத்து இதைச் சொல்ல முடியாது. விலை கூடிய புதிய கணினி தோற்று, மூலையில் கிடந்த பழைய அலுவலகக் கணினி தேறுவது சாதாரணம். மடிக்கணினிகள் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்கும், ஏனெனில் அவற்றின் வெப்பக் கட்டுப்பாடும் பற்றரிக் கட்டுப்பாடும் இயங்குதளத்துக்குத் தெரியாமலே இடையில் புகுந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

இத்தனையும் சொன்ன பிறகு, உங்களுக்கு நான் இந்த வழியைச் சொல்லப்போவதில்லை. பென்டியம் 4 இன் வயதை யோசியுங்கள். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், உப்புக் காற்றில் ஆண்டுக்கணக்காக இருந்த தாய்ப்பலகையில் கொள்ளளவிகள் உப்பியிருக்கும், நினைவகத் தட்டின் முனைகள் பாசி பிடித்திருக்கும். அது நின்றுபோகும் நாளில் அதே மாதிரி இன்னொன்றைத் தேடி அலைய வேண்டிவரும். வேலை வாங்கி முற்பணமும் எடுத்துவிட்ட பட்டறைக்கு அது சரிவராது.

உங்களுக்குப் பொருத்தமானது, துடிப்பை உண்டாக்கும் வேலையை ஒரு தனிக் கட்டுப்பாட்டுப் பலகையிடம் ஒப்படைக்கும் முறை. எங்கே, எந்த வேகத்தில் நகர வேண்டும் என்று சொல்லும் ஜி கோட் கட்டளை வரிகளைக் கணினி யூ.எஸ்.பி. வழியாக அனுப்பும், பலகை அவற்றை முன்கூட்டியே வாங்கி வரிசையில் வைத்துக்கொண்டு, தாளத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். கணினி ஓரிரு மில்லி செக்கன் தடுமாறினாலும் மோட்டாருக்கு அது தெரியாது. இதில் மலிவானது ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு பலகையில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். என்ற மென்பொருள். அதன் எல்லை செக்கனுக்குச் சுமார் 30,000 துடிப்புகள். மேலே போட்ட கணக்கை இதோடு ஒப்பிடுங்கள்: 8 பிரிவில் உங்களுக்குப் போதும், 16 பிரிவில் போதாது. எனவே ஆரம்பத்திலேயே 32 பிட் பலகை ஒன்றை, அதாவது ஜி.ஆர்.பி.எல். ஹால் அல்லது ஃபுளூயிட் என்.சி. என்ற மென்பொருள் ஓடக்கூடிய ஒன்றை எடுப்பது புத்திசாலித்தனம். விலை வேறுபாடு பெரிதல்ல. ஆனால் வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: துடிப்பு வெளியீடு 5 வோல்ட்டா, 3.3 வோல்ட்டா? டி.பி. 6600 இன் உள்ளீடுகள் 5 வோல்ட்டை எதிர்பார்ப்பவை. 3.3 வோல்ட் கொடுத்தால் மேசையில் வைத்துப் பார்க்கும்போது ஓடும், வயர் நீண்டதும் இடையிடையே துடிப்பைத் தவறவிடும். குற்றம் எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும். 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் இடைச்சுற்று உள்ள பலகையையே எடுங்கள்.

செதுக்கல் வேலை செய்பவர் என்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கதவில் நேர்கோடு வெட்டும்போது ஒரு வரி ஜி கோட் ஒரு மீற்றரை ஓட்டிவிடும். ஆனால் யாளி முகத்தையோ தாமரை இதழையோ புடைப்பாகச் செதுக்கும்போது, ஒவ்வொரு வரியும் 0.1 மில்லிமீற்றர் அளவே நகர்த்தும். செக்கனுக்கு 50 மில்லிமீற்றர் வேகத்தில் போனால் செக்கனுக்கு 500 வரிகள் வேண்டும். ஊனோவின் தொடர்பு வேகம் செக்கனுக்கு 115,200 பிட். அதில் செக்கனுக்கு 11,520 எழுத்துகள்தான் போகும். வரிக்கு 20 எழுத்து என்று வைத்தால் 576 வரிகள். அதாவது எல்லையை ஏறக்குறையத் தொட்டுவிட்டீர்கள். இந்த நிலையில் இயந்திரம் விக்கி விக்கி ஓடும், மரத்தில் சிறு தழும்புகள் விழும். பலர் இதைக் கண்டவுடன் கணினி போதவில்லை என்று எண்ணிப் பெரிய கணினி வாங்குகிறார்கள். நெருக்கடி இருப்பது வயரில். கோப்பை எஸ்.டி. அட்டையில் வைத்துப் பலகையே வாசிக்கும் வசதியோ, வேகமான நேரடி யூ.எஸ்.பி. தொடர்போ உள்ள 32 பிட் பலகையில் இந்தச் சிக்கல் இல்லை.

இந்த ஏற்பாட்டுக்கு உங்கள் வீட்டில் கிடக்கும் மடிக்கணினியே போதும். வன்தட்டைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் ஒன்றைப் போடுங்கள், ஏனெனில் ஸ்பிண்டிலின் அதிர்வும் சுழலும் தட்டும் ஒத்துப்போகா. உறக்க நிலையையும், யூ.எஸ்.பி. போர்ட்டுக்கு மின்சாரத்தை நிறுத்திச் சேமிக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். இணையத்தில் இணைக்காதீர்கள், விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்துவிட்டது என்றாலும், இணையம் இல்லாத கணினிக்கு அது பெரிய குறையன்று. கோப்பு கொண்டுவரும் பென் டிரைவை மாத்திரம் போட்டோப்பிரதிக் கடைக் கணினிகளில் குத்தாமல் இந்த வேலைக்கென்றே தனியாக வைத்திருங்கள்.

மடிக்கணினி பழுதாகினால், இரும்புப் பெட்டி உள்ள பழைய அலுவலகக் கணினி ஒன்றை வாங்கலாம். ராஸ்பெரி பையும் கோப்பு அனுப்பும் வேலையை ஒழுங்காகச் செய்யும். மின்சாரம் திடீரென அறுந்தால் அதன் எஸ்.டி. அட்டையில் உள்ள இயங்குதளம் பழுதாகலாம் என்பது ஒன்றே எனக்குப் பிடிக்காதது. கணினியே வேண்டாம் என்று நினைத்தால் கையில் பிடித்து இயக்கும் டி.எஸ்.பி. கட்டுப்பாட்டுக் கருவிகளும் இருக்கின்றன. பென் டிரைவைக் குத்தியதும் ஓடும், தூசியைத் தாங்கும். பட்டறையில் கணினிப் பழக்கம் இல்லாத பெரியவர்களும் இயந்திரத்தை ஓட்டப்போகிறார்கள் என்றால் அதை யோசியுங்கள். ஆனால் விலை கூடியது, உள்ளே நீங்கள் எதையும் மாற்ற முடியாது.

கணினியில் மிச்சம் பிடித்த காசை எர்த் வேலைக்குப் போடுங்கள். அரிசி ஆலைகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இன்வேர்ட்டர் உள்ள இடத்தில் எலெக்ட்ரோனிக் பலகைக்கு வரும் நோயில் பெரும்பங்கு எர்த்தில்தான் தொடங்குகிறது. ஸ்பிண்டிலை இயக்கியதும் யூ.எஸ்.பி. தொடர்பு அறுந்துபோவது வீட்டில் கட்டிய இயந்திரங்களில் மிகப் பழகிய முறைப்பாடு. ஸ்பிண்டிலுக்குப் போகும் வயர் உலோக உறை உள்ளதாக இருக்கட்டும். அந்த உறையை இன்வேர்ட்டரின் எர்த் முனையில் இணையுங்கள். ஸ்பிண்டில் வயரை மோட்டார் வயர்களோடும், அச்சு எல்லையைத் தொட்டதும் தெரிவிக்கும் லிமிட் சுவிட்ச் வயர்களோடும் சேர்த்துக் கட்டாதீர்கள். யூ.எஸ்.பி. வயர் குட்டையாக, நல்ல உறையோடு இருக்க வேண்டும். மடிக்கணினியின் சார்ஜருக்கு இரண்டு முனைதான் உண்டு என்றால், இரு பக்க மின்சுற்றுகளையும் பிரித்துவைக்கும் யூ.எஸ்.பி. ஐசொலேட்டர் ஒன்றை இடையில் போடுங்கள். கடற்கரை மணலில் எர்த் கம்பியை மேலோட்டமாக அடித்தால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் காய்ந்து எர்த் இல்லாததுபோல் ஆகிவிடும். ஈரம் தட்டுப்படும் ஆழத்துக்கு இறக்க வேண்டும். இன்வேர்ட்டரால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்று அதைச் சுற்றி வயர் இழுக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேளாதீர்கள்.

மின்வெட்டு நேரத்தில் மடிக்கணினிக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. மின்சாரம் போனதும் மோட்டார்கள் நின்றுவிடும். ஆனால் மடிக்கணினி பற்றரியில் ஓடும், அதன் யூ.எஸ்.பி. யில் உயிர் வாழும் பலகையும் ஓடும். எல்லாம் நகர்கின்றன என்று நினைத்துக்கொண்டு அது கணக்கை நடத்திச் செல்லும்போது மின்சாரம் திரும்பி வந்தால், மோட்டார்கள் பிழையான இடத்திலிருந்து அப்படியே கிளம்பிவிடும். ஆகவே டிரைவர்களுக்கும் இன்வேர்ட்டருக்கும் போகும் மின்சாரத்தை, மின்சுருளால் இயங்கும் சுவிட்சாகிய கொன்டாக்டர் ஒன்றின் வழியாகக் கொடுங்கள். ஆலை மோட்டாரின் ஸ்டார்ட்டரில் உள்ளதுபோல, மின்சாரம் போய் வந்தாலும் பச்சைப் பொத்தானை மீண்டும் அமுக்கினால் மாத்திரம் ஓடும்படி. அவசர நிறுத்தப் பொத்தானும் அந்தக் கொன்டாக்டரின் சுருளுக்குப் போகும் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். கணினியின் எஸ்கேப் விசையை அவசர நிறுத்தம் என்று நம்ப வேண்டாம். மூன்று அச்சுகளுக்கும் லிமிட் சுவிட்ச் வைத்து, தொடக்கப் புள்ளிக்கு மீண்டும் போகும் வசதி இருந்தால், நின்ற வேலையைத் தொடர முடியும். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கையே கழற்றிவிடுங்கள்.

டிசைன் வேலையைப் பட்டறைக் கணினியில் செய்ய வேண்டாம். புடைப்புச் செதுக்கலுக்கான மென்பொருளுக்குத்தான் கூடிய நினைவகமும் நல்ல செயலியும் தேவை; நாளைக்குக் காசு சேர்ந்தால் அந்த நல்ல கணினியை வீட்டுக்குள் வையுங்கள். எம்.டி.எப். தூசி அதன் விசிறியை எளிதில் அடைத்துவிடும். அதுவரை இன்க்ஸ்கேப், ஃப்ரீகேட் ஆகிய இலவச மென்பொருள்களால் கதவு வேலைகளை வேறு எந்தக் கணினியிலும் செய்துகொள்ளலாம்.

எல்லாம் பூட்டிய பிறகு உடனே மரத்தை வைக்காதீர்கள். ஸ்பிண்டிலில் ஒரு பேனையைக் கட்டி, மேசையில் கடதாசி ஒட்டி, ஒரு சதுரத்தை இருபது முறை முழு வேகத்தில் வரைய விடுங்கள். பேனை கட்டியிருக்கும்போது ஸ்பிண்டிலைச் சுழல விட முடியாது என்பதால், பேனையைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை இன்வேர்ட்டரை ஓடவிட்டு யூ.எஸ்.பி. தொடர்பு அறுகிறதா என்று தனியே பாருங்கள். இருபது சதுரமும் ஒரே கோட்டில் விழுந்தால் வெட்டலாம். கோடுகள் ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே போனால், முதலில் டிரைவரின் மின்னோட்ட அளவைச் சரிபாருங்கள், பிறகு ஆர்முடுகலைப் பாதியாக்குங்கள், அதன்பின் ஸ்குரூ எங்கேயாவது இறுகுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். மூன்றையும் செய்த பின்னும் விலகுமாயின், பலகையின் மொடலையும், டிரைவருக்குக் கொடுக்கும் வோல்ற்றளவையும், எந்த அச்சு எந்தப் பக்கம் விலகுகிறது என்பதையும் குறித்து எழுதுங்கள். அந்த மூன்றும் தெரிந்தால்தான் மேற்கொண்டு எதையும் சொல்ல முடியும்.